கொலைக் கத்திக்கு ஆயுத பூஜை

அன்றைக்கு இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் ‘நானும் அங்கதான் இருந்தேன்’ என்று சொன்னவர்களை எல்லாம் சேர்த்தால் அந்தப் பிராந்திக் கடையில் நிற்க இடம் போதாது. பாதிப் பேர் கூரைமேல்தான் ஏறியிருக்க வேண்டும். முதலாளி அந்துவான். அவருடைய தங்கை மகன் பிலிப்பு. கிளாஸ் கழுவும் ரங்கம்மா. கடலூரிலிருந்து வந்திருந்த நான்கு பேர். அவர்களில் வாயைத் திறந்து பேசியவர் ஒருவர்தான், மளிகை மண்டி வைத்திருந்தவர். கருவடிக்குப்பம் மாட்டுத் தரகர் வீராசாமி. அவர் கடைக்குள் இல்லை, எதிர்ச் சாரியில் குடையோடு நின்றிருந்தார், ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்பதாவது ஆள் நான். (என் மனைவி பத்துப் பேர் என்பாள். அவள் கத்தியையும் ஒரு ஆளாக எண்ணுகிறவள்.)

சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போன கதை இது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எங்கே போனாலும் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “மாமா, அந்தக் கத்தி...” என்று ஆரம்பிக்கிறார். பந்தியில் பாயசம் தீர்ந்துபோகும் வரைக்கும் விடுவதில்லை. எழுதிவைத்துவிட்டால் தாளைக் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். வறுமை என்றுதான் வெளியே சொல்வேன். பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டாலே பின்வாசல் வழியாக ஓடிவிடுவேன் என்பதை எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? சிறு வயதிலிருந்தே கவலைப்படுவதில் எனக்கு ஒரு தேர்ச்சி இருந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போய், பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று கவலைப்படுகிற ஆள்.

அப்படிப்பட்டவன் வேலை பார்த்த இடம் பிராந்திக் கடை. முதலாளி அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்விட்டு, பென்ஷனோடு திரும்பி வந்த சொல்தா, அதாவது சிப்பாய். அவரை முசே என்றுதான் கூப்பிட வேண்டும். ஐயா என்று கூப்பிட்டால் சம்பளத்தை உயர்த்திக் கேட்கப்போகிறோம் என்று நினைத்து வெளியே கிளம்பிவிடுவார். கடை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம். எல்லையைத் தாண்டினால் மதுவிலக்கு, இந்தப் பக்கம் நாங்கள். கடலூர்க்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் பொழுது சாய வந்து கடைசி பஸ்ஸுக்குள் ஊர் திரும்புவார்கள். வியாபாரத்துக்குக் குறை இல்லை. திடீரென்று எதிர்க் கடைக்காரர் ஒரு ரேடியோப் பெட்டி வாங்கி வைத்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பாட்டுக் கேட்கிற பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். எங்கள் நாற்காலிகளில் பூனை படுத்தது.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன புதிது அது. ஊரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் பழைய சாமான் ஏலம். முசே ஒரு நாள் ஏலத்துக்குப் போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே உடைந்த கடிகாரம், இரண்டு மைக்கூடு, அவற்றுக்கு அடியில் ஒரு கொடுவாள். முழங்கை நீளம், நுனியில் வளைவு. பிடியில் நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. ஏதோ பழைய கொலை வழக்கில் சாட்சியாகக் கோர்ட்டில் கிடந்த கத்தியாம்.

ரேடியோவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கல்லாவுக்கு மேலே சுவரில் சிவப்பு வெல்வெட் துணி அடித்து, அதன்மேல் கத்தியை மாட்டினார்.

சீட்டில் எழுதியிருந்தது பிரெஞ்சு. கடையில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் முசே ஒருவர்தான். அவர் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒரு கிளாஸ் வாங்கியவர்களுக்குச் சேவல் சண்டையில் ஒரே வெட்டு. மூன்று கிளாஸ் வாங்கியவர்களுக்கு அண்ணன் தம்பி இருவர். பாட்டிலாக வாங்கியவர்களுக்கு ஒரு குடும்பமே போயிருந்தது. கத்தியின் வளைவில் கறுப்பும் காவியுமாக ஒரு கறை உண்டு. அதைக் காட்டி, “எத்தினி வருசம் ஆச்சு, பாருங்க, ரத்தம் இன்னும் காயல” என்று முடிப்பார். இரண்டாவது கிளாஸ் வாங்கியவர்கள் மட்டும் அந்தக் கறையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சட்டமும் போட்டார். துரு என்றுதான் எனக்குத் தோன்றும். ஒருவேளை ரத்தமாக இருந்து, துரு என்று நான் சொன்னது அதற்குக் கேட்டுவிட்டால்? அதனால் வாயைத் திறக்கவில்லை.

நாற்காலிகள் நிரம்பின. பூனை எதிர்க் கடைக்குப் போய்விட்டது.

எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு. பெண் அஞ்சலை, தரகர் வீராசாமியின் ஒரே மகள். வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது ஒரு தடவை தூரத்தில் பார்த்திருந்தேன். அவள் சிரித்தாள். என்னைப் பார்த்தா, என் பின்னால் நின்ற பலூன்காரனைப் பார்த்தா என்று மூன்று மாதம் தூக்கமில்லை. அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. எச்சில் கிளாஸ் எடுக்கிறவனுக்குப் பெண் இல்லை, கல்லாவில் உட்காருகிறவன் என்றால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்போது கல்லாவில் உட்கார்ந்தது பிலிப்பு. சாயங்காலம் எண்ணி வைத்த பணம் காலையில் இளைத்துப்போகிறது என்று முசேவுக்கு ஒரு சந்தேகம். எனக்குத் திருடத் தைரியம் கிடையாது என்பது ஊரறிந்தது. ஆகவே ஆயுத பூஜை அன்றிலிருந்து நான் கல்லாவில் உட்காரலாம், சரியாக இருந்தால் நிரந்தரம் என்றார். வீராசாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் குடிக்காதவர், பிராந்திக் கடை வாசற்படியை மிதித்ததில்லை. “எதிர்ச் சாரியில நின்னு பாக்கறேன். ஒக்காந்திருந்தா பேசுவம். இல்லன்னா திண்டிவனத்துல ஒரு எடம் கீது” என்றார்.

முசே மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனாலும் ஆயுத பூஜையை விடமாட்டார். மாதா படத்துக்குக் கீழேயே வாழைக்கன்று கட்டிப் பொரி கடலை வைப்போம். கார்க் திருகி, ஐஸ் உடைக்கிற சுத்தியல், வெங்காயக் கத்தி, கல்லாப்பெட்டி, முசேவின் சைக்கிள், எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும். கடையில் இரும்பு என்று இருக்கிற ஒன்றையும் விடக்கூடாது. அங்கேதான் என் கவலை தொடங்கியது. ஐஸ் உடைக்கிற சுத்தியலுக்கே பொட்டு வைக்கும்போது, உயிர் குடித்த கத்திக்கு வைக்காமல் விட்டால் அது என்ன நினைக்கும்? எனக்கு நேர் மேலே தொங்கப்போகிறது வேறு. அதன் கோபத்துக்குக் கீழே எப்படி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது?

காலையில் முசே கோயிலுக்குப் போனதும் கத்தியை இறக்கினேன். பிடியை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்து, திரும்ப மாட்டிவிடுவது என்று திட்டம். மற்ற சாமான்களோடு கிணற்றடியில் வைத்துவிட்டு வாழைக்கன்று வாங்கப் போனேன். பேரம் பேசுவதற்கும் எனக்குப் பயம். கன்றுக்காரன் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பதா வேண்டாமா என்று யோசித்ததில் நேரம் போய்விட்டது.

திரும்பி வந்தபோது எல்லாச் சாமானும் வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ரங்கம்மா கொடுவாளைக் கையில் எடுத்து என் எதிரே நீட்டினாள்.

“பாரு, மூஞ்சி தெரியுது.”

பார்த்தேன். தெரிந்தது. வேலையும் போய்ப் பெண்ணும் போன ஒருவனின் மூஞ்சி.

“ரங்கம்மா, இதுல ஒரு கற இருந்திச்சே.”

“இருந்திச்சி. கெட்டிக் கற. செங்கல் தூளுக்கு அசையல. புளி போட்டு ஊற வெச்சப்புறந்தான் உட்டுச்சி. எத்தினி வருசமா எவனும் தொலக்கல போல. ஆம்பளைங்க வெச்சிருக்கற கட.”

நான் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரே வந்து பார்க்கிற ரத்தத்தைப் புளி போட்டுக் கழுவிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் ஒன்றும் பதறவில்லை. “செவப்புதான வேணும்” என்றாள். இடுப்பில் செருகியிருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். பூஜைக்கு வாங்கிய மஞ்சள் தூள் இருந்தது. இரண்டையும் குழைத்தால் ஆலம், கல்யாணத்தில் ஆரத்தி சுற்றுகிற அதே சிவப்பு. கெட்டியாகக் குழைத்து வளைவில் தடவினாள். “காஞ்சா காவியாயிடும், போய் மாட்டு” என்றாள்.

அவள் சொன்னபடி மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாட்டியபின் எனக்குப் போதாது என்று தோன்றியது. தண்ணீர் விட்டுக் கரைத்து இன்னொரு பூச்சுப் பூசினேன். கீழே நின்று பார்த்தேன். பழைய கறை இன்னும் கொஞ்சம் பெரிசோ? மேலும் ஒன்று. வெளியே போய், உள்ளே வருகிறவன் போல வந்து பார்த்தேன். இன்னும் ஒன்று. அதற்குமேல் சாமந்தி மாலையைச் சாத்தி மறைத்தேன். காலையில் அடித்த வெயில் போய் வானம் மூட்டம் போட்டிருந்தது. எதுவும் காய்கிற நாள் இல்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டவன் அந்த ஒன்றுக்குக் கவலைப்படவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கல்லாவில் உட்கார்ந்தேன். புது வெள்ளைச் சட்டை. போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டேன். பிலிப்பு முறைத்துக்கொண்டே கிளாஸ் எடுத்தான். எதிர்ச் சாரியில் வீராசாமி வந்து நின்றார். மழை இல்லை, யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று குடையை விரித்துப் பிடித்திருந்தார். (அந்தச் சாரியில் விரித்த குடை அது ஒன்றுதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.)

கடலூர்க்காரர்கள் நான்கு பேரும் கல்லாவை ஒட்டி நின்றார்கள். மண்டிக்காரர் இரண்டாவது கிளாஸ் வாங்கியாயிற்று, தொடுகிற உரிமை வந்துவிட்டது. முசே கத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணன் தம்பிக் கதையை வெட்டு வெட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் நிமிர்ந்து கத்தியைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே தெம்பு.

உச்சந்தலையில் சில்லென்று ஏதோ விழுந்தது.

பல்லி என்று நினைத்தேன். தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரில் படித்திருக்கிறேன், நல்லதாக ஒன்றும் போட்டிருக்காது. கையைத் தூக்கித் தடவிப் பார்க்கலாமென்றால் எதிரே மாமனார் ஆகப்போகிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலையைச் சொறிகிற மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டால்? அசையாமல் இருந்தேன். இன்னொன்று விழுந்தது. நெற்றியில் மெதுவாக இறங்கி, மூக்கின் பக்கமாக வந்து, மீசையில் தங்கியது.

முசே தன் வழக்கமான இடத்துக்கு வந்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் உயர்த்தி, “எத்தினி வருசம் ஆச்சு. பாருங்க, ரத்தம் இன்னும் காயல” என்றார்.

நான்கு பேரும் பார்த்தார்கள். காயவில்லை. சாமந்தியின் அடியிலிருந்து வழிந்து, நுனி வளைவில் திரண்டு நின்று, தொட்டுப் பார்க்கக் கல்லாவுக்கு மேலாக எட்டிய மண்டிக்காரரின் கிளாஸுக்குள் ஒரு சொட்டு விழுந்தது. பிராந்திக்குள் சிவப்பாக ஒரு நூல் இறங்கியது. எதிர்க் கடை ரேடியோ மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

தெருவிலிருந்து பார்த்த வீராசாமிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கல்லாவில் பையன் உட்கார்ந்திருக்கிறான், அவன் முகத்தில் ரத்தம் வழிகிறது. யாரோ பாட்டிலால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தார். குடையைப் போட்டுவிட்டு, ஒரு செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிராந்திக் கடைக்குள் ஓடிவந்தார். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் காயத்தைத் தேடினார்.

அந்த அக்கறையை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

“ரத்தம் இல்லீங்க. மஞ்சளும் சுண்ணாம்பும். கற போயிடுச்சின்னு காத்தால நாங்கதான் தடவனோம்.”

சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. எல்லாம் முடிந்தது, இனிமேல் கவலைப்பட ஒன்றும் இல்லை. வேலை இல்லை, பெண் இல்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

வீராசாமி விரலில் பட்டதை மோந்து பார்த்தார். “ஆலம்” என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அண்ணாந்து கத்தியைப் பார்த்தார். “பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு பாக்க வந்த எடத்துல, மாப்ள தலயில ஆலம் விழுவுது. அதுவும் மேல இருந்து.”

“மேலேர்ந்து இல்லீங்க, கத்தியிலேர்ந்து.”

“கத்தி எங்க கீது?”

“மேல.”

“அப்பறம் இன்னா?”

ரங்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, குழைத்தது தான்தான் என்று சாட்சி சொன்னாள். எனக்கு உதவி செய்வதாக அவள் நினைப்பு. வீராசாமி அவள் கழுத்தைப் பார்த்தார். அவள் புருஷன் ஓடிப்போய்ப் பல வருஷம், ஆனாலும் தாலி இருந்தது. “சுமங்கலி கையால” என்று மண்டிக்காரர் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கிளாஸை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மடமடவென்று குடித்தார். மற்ற மூன்று பேரும் தங்கள் கிளாஸைக் கத்திக்கு நேரே நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

வீராசாமி மிச்சமிருந்த ஒரு செருப்பையும் கழற்றினார். கை கூப்பினார். “எம் பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடியட்டும். பதினோரு ரூபா காணிக்க வெக்கிறேன்” என்றார். அப்போதுதான் முசே திரும்பி நிமிர்ந்து பார்த்தார். முதலில் கத்தி, அடுத்தது என் சட்டை, கடைசியில் ரங்கம்மா. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிரெஞ்சில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண்டிக்காரர் முழு பாட்டிலாக ஒன்று கொடுங்கள், ஊருக்கு எடுத்துப் போகவேண்டும் என்றார். முசே வாயை மூடிக்கொண்டு பாட்டிலை எடுத்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. “கல்லாவுல எவன் வேணா ஒக்காருவான். இதுக்கு ஆலம் தடவ உன்ன உட்டா யாரு கீறா?” என்றார். பிலிப்பு திரும்பக் கல்லாவில் உட்கார்ந்தான். நான் பூசாரி ஆனேன். வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து, பதமாகச் சொட்டுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டுப் பூச வேண்டும். கவலைப்பட்டுக் கவலைப்பட்டுச் செய்ததில் அந்தப் பதம் எனக்குக் கைவந்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். உரக்கப் பேசுவதை நிறுத்தினார்கள். கத்திக்கு முன்னால் சாராயமும் சுருட்டும் படைத்தார்கள். படைத்ததை முசே மறுபடி விற்றார்.

கொஞ்ச நாளில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலுக்கு வெளியே எலுமிச்சம்பழத்தோடு நின்று, கத்தியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என்ன வேண்டுதல் என்று முசே விசாரித்துவரச் சொன்னார். புருஷன் குடியை விட வேண்டும் என்றார்கள். போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்தப் புருஷன்மாரில் இரண்டு மூன்று பேர் நிஜமாகவே விட்டுத் தொலைத்தார்கள். பிறகு கூட்டம் கும்பிட மட்டும் வந்தது. மண்டிக்காரரே குடியை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் தேங்காயோடு வந்து நின்றார். பாண்டிச்சேரி முழுசாக இந்தியாவோடு சேர்ந்த வருஷம், முசே பிரான்ஸ் நாட்டுப் பிரஜையாகவே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடையை விற்றுக் கப்பல் ஏறினார். கத்தியையும் வெல்வெட் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் நான் அழுவேன் என்று நினைத்தாரோ, சிரிப்பேன் என்று நினைத்தாரோ.

கல்யாணம் அதற்கு நாலைந்து வருஷம் முன்பே, நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது. ஆனால் என் மாமனார் காணிக்கையை வைக்கவில்லை. பந்தி முடிந்த கையோடு, மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் யாராவது பதினோரு ரூபாய் கொடுப்பார்களா என்றார். “ஓட்டிக்கினு வந்து கட்டின மாட்டுக்கு ரெண்டாந் தரம் காசு குடுக்கறவன் இல்ல நானு” என்று என் எதிரிலேயே சொன்னார். அடுத்த மழைக்கு அவர் கொட்டகை விழுந்தது. அப்போதும் அவர் அசையவில்லை. நாலு வருஷம் கழித்து ஒரு ஜோடி மாடு விற்ற பணமும் வராமல் போனது. பயந்துபோய், பணத்தை முடிந்துகொண்டு கடைக்கு வந்தபோது முசே சாமான் கட்டிப் போய்விட்டிருந்தார். கடையை வாங்கியவர்கள் அங்கே சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கடன் எங்கள் வீட்டுக்கு வந்தது. மோட்டார் எரிந்தால், பையன் பெயிலானால், எனக்கு முட்டி வலித்தால், “அது குடுக்க வேண்டியதக் குடுக்கல” என்பாள் அஞ்சலை. அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். முழுக்கச் சிரிப்பு இல்லை.

போன வருஷம் எங்கள் பேரன் வேலைக்குப் பாரிஸ் கிளம்பினான். முசேவின் பேரன் அங்கே ஒரு பார் வைத்திருப்பதாகவும், அதன் சுவரில் நம் கத்தி தொங்குவதாகவும், ‘கீழ்த்திசைத் தெய்வத்தின் வாள்’ என்று பிரெஞ்சில் பலகை வைத்திருப்பதாகவும் அங்கிருந்து வந்தவர்கள் சொல்லித் தெரிந்திருந்தது. அஞ்சலை பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து பேரனிடம் கொடுத்தனுப்பினாள். அவன் போய்ப் பார்த்திருக்கிறான். உண்டியல் இல்லை. கத்திக்குக் கீழே மேஜைமேல் முடிப்பை வைத்தானாம். அங்கே வேலை செய்கிற பெண் ஓடிவந்து, ரூபாய் வாங்குவதில்லை என்று சொல்லி அவன் பையிலேயே திரும்பப் போட்டுவிட்டாள். லீவுக்கு வந்தவன் முடிப்பை அவிழ்க்காமலே பாட்டி கையில் கொடுத்தான்.

பாங்கில் வேலை பார்க்கிற மருமகள், இத்தனை வருஷத்துக்கு வட்டி என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தாள். அஞ்சலை அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டாள். சாமிக்கு வட்டி கிடையாதாம், அசல் மட்டும்தானாம். பதினோரு ரூபாய்.